விடுபட்ட பெயர்

நன்றி சொல்லப்படாத எவரும் வெள்ளிவிழா அரங்கத்தைவிட்டு வெளியே போக முடியாது என்ற சங்கதி வைப்பாற்றுப் பல்கலைக்கழகத்துக்குத் தெரியவந்தது, முன்னாள் மாணவர் சங்கமம் நடந்த ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானத்தில், மைக்செட் லூர்து தன் வயர்களையெல்லாம் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டப் போய், தாண்ட முடியாமல் நின்றபோதுதான். கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே கரிசல் மண் வெயிலில் பொரிந்துகொண்டிருந்தது, வேப்பமரத்தடியில் அவருடைய குட்டியானை வண்டி நின்றது, அவர் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிய ஒலிப்பெட்டிகள் எல்லாம் சமர்த்தாக வாசலைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டன. அவர் காலைத் தூக்கி வெளியே வைத்தால் மட்டும் அது திரும்பவும் உள்ளேயே வந்து நின்றது. முன்னால் போய்ப் பார்த்தார், பின்பக்கமாக நடந்து பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடியும் பார்த்தார். பிறகு, கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற அதே குரலில், "மேடம், என்னைய மட்டும் விட மாட்டேங்குது" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார்.

மேடம் என்பது புள்ளியியல் துறை இணைப் பேராசிரியர் டாக்டர் செண்பகவடிவு. அந்தப் பல்கலைக்கழகத்தில் வரவேற்புரைக்கு ஆள் மாறும், தலைமையுரைக்குத் துணைவேந்தர்களே மாறுவார்கள், சிறப்பு விருந்தினர் ஒவ்வொரு தடவையும் புதிதாக வருவார். நன்றியுரை மட்டும் செண்பகவடிவுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'புதுசா வந்த மேடம் நன்றி சொல்லட்டுமே' என்று யாரோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள், அதை மாற்ற வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றியுரை என்றால் நமக்குத் தெரியாதா. விருந்தினர் கடிகாரத்தைப் பார்ப்பார், வராந்தாவிலிருந்து சமோசா வாசனை உள்ளே வரும், கடைசி வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிடும், 'அடுத்ததாக நன்றியுரை' என்று அறிவித்த நொடியில் கூட்டம் எழுந்து வேட்டியையும் சேலையையும் சரிசெய்துகொண்டு திரும்பிவிடும். அப்படித் திரும்பிய முதுகுகளைப் பார்த்தே பேசிப் பேசி, சக பேராசிரியர்களை முகத்தைவிட முதுகை வைத்துச் சட்டென்று அடையாளம் காணுகிற பழக்கம் செண்பகவடிவுக்கு வந்துவிட்டிருந்தது.

அன்றைக்குத் துணைவேந்தர் கையைச் சுழற்றி, சீக்கிரம் முடியுங்கள் என்று ஜாடை காட்டியதில் லூர்துவின் பெயர் விடுபட்டுப் போயிருந்தது. செண்பகவடிவு மறுபடி மேடையேறி, கழற்றிய மைக் இருந்த இடத்தில் நின்று, "ஒலி அமைப்பைச் செம்மையாகச் செய்து தந்த திரு. லூர்து அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி" என்றார். லூர்து தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் வண்டியைக் கிளப்பினார். அதற்குள் பொன்னாடைகளை மடித்து வைத்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வாசலில் முட்டிக்கொண்டு நின்றாள், அவளுக்கும் சொன்னார். விழாவுக்கு விழா மேடைக்கடியில் படுத்துத் தூங்கும் நாய் ஒன்று உண்டு, மாணவர்கள் அதற்குச் செனட் என்று பெயர் வைத்திருந்தார்கள், அதுவும் போக முடியாமல் வாசலுக்கும் மேடைக்கும் நடந்தது. "நிகழ்ச்சியில் இறுதிவரை அமைதி காத்த செனட் அவர்களுக்கு நன்றி" என்று சொன்னதும் அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. பிறகு செண்பகவடிவு மின்விசிறிகளை அணைத்தார், கைப்பையை எடுத்துக்கொண்டார், வாசலுக்கு வந்தார். அவருடைய கால் உள்ளேயே வந்து நின்றது.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கூச்சத்தோடு, "நன்றியுரை ஆற்றிய டாக்டர் செண்பகவடிவு அவர்களுக்கும் நன்றி" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கதவு அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை துணைவேந்தரே நேரில் வந்து மைக் பிடித்தார். "இத்தனை ஆண்டுகளாக நன்றியுரை வழங்கிய அம்மையாருக்கு நன்றி" என்றார். செண்பகவடிவு நடந்துபோய் வாசலில் முட்டிக்கொண்டு திரும்பினார். பதிவாளர், "அன்னாரின் அயராத உழைப்புக்கும் தன்னலமற்ற சேவைக்கும்" என்று ஆரம்பித்து நீட்டி முழக்கினார், அதற்கும் நகரவில்லை. நன்றிக்கு நன்றி என்பது செல்லாது, பொதுவாகச் சொல்வதும் செல்லாது, இன்ன காரியத்தை இன்னாருக்குச் செய்தார் என்று உண்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. புரிந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பமானது. செண்பகவடிவு யாருக்கு என்ன செய்திருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவரோடு ஒரே அறையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் நெற்றியைத் தடவித் தடவி யோசித்து, ஒருதரம் குடை கொடுத்தார்கள் என்றார். சொன்ன பிறகு, அது வேறு மேடமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சங்கத்துக்காரர்கள் முன்னாள் மாணவர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய புள்ளி திரையில் தோன்றி, மேடம் நடத்திய நிகழ்தகவுப் பாடம்தான் தன்னை இந்த நிலைக்கு உயர்த்தியது என்று கண்கலங்கச் சொன்னார். அவர் படித்தது வணிகவியல். இன்னொருவர், வருகைப்பதிவு குறைந்தபோது மேடம்தான் காப்பாற்றிவிட்டார் என்றார், செண்பகவடிவு அவரைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் எல்லோரும் கை தட்டினார்கள், ஒவ்வொரு முறையும் அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார், சில வாரங்களுக்குப் பிறகு கைப்பையை மாட்டிக்கொள்வதை விட்டுவிட்டார். பொய்யைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாக ஒன்றுமே இல்லையா என்ற எண்ணம்தான், சாப்பிட உட்காரும்போதெல்லாம், திரும்பத் திரும்ப வந்தது.

பல்கலைக்கழகம் எதற்கும் பழகிக்கொள்ளும். ஒப்பனை அறையில் ஒரு கட்டில் போட்டார்கள், மாணவியர் விடுதியிலிருந்து மூன்று வேளையும் தூக்குவாளியில் சாப்பாடு வந்தது, விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவியைக் கழற்றிக் கொண்டுவந்து அரங்கத்துத் தூணில் மாட்டினார்கள், நிர்வாகப் பிரிவு மட்டும், பணியிடத்தைவிட்டே போகாதவருக்குத் தற்செயல் விடுப்பு உண்டா கிடையாதா என்று கோப்பை மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருந்தது. புள்ளியியல் வகுப்புகள் அரங்கத்திலேயே நடந்தன. வகுப்பு முடிந்ததும் வருகை எடுக்கிற மாதிரி ஒவ்வொரு பெயராகச் சொல்லி, கேள்வி கேட்டமைக்கு நன்றி, கொட்டாவியை அடக்கிக்கொண்டமைக்கு நன்றி என்று அனுப்பிவைக்க வேண்டியிருந்ததால், தன் மாணவர்களின் பெயர்கள் முதன்முதலாக அவருக்குத் தலைகீழ்ப் பாடமாயின. மாதாமாதம் வரும் 'நம் வளாகம்' செய்தி மடலில், சாதனை படைத்த மாணவர்கள், பெருமைமிகு முன்னாள் மாணவர்கள் ஆகிய பகுதிகளுக்குக் கீழே, வரவிருக்கும் நிகழ்வுகள் என்ற பகுதி வர வர நீண்டுகொண்டே போனது, ஏனென்றால் நன்றியுரைக்கு ஆள் தேட வேண்டிய பாடு எந்தத் துறைக்கும் இல்லாமல் போயிருந்தது.

விழாக்களின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் சிறப்புரைக்கு முன்வரிசை பிடித்தவர்கள் இப்போது நன்றியுரைக்குக் காத்திருந்தார்கள். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில், விழா தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொருவரும் செண்பகவடிவிடம் வந்து, பூ வாங்கி வந்தது நான்தான் மேடம், தண்ணீர்பாட்டில் அடுக்கியது நான், குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி கொடுத்தது நான் என்று காதில் போட்டுவிட்டுப் போனார்கள். நன்றியுரை சிறப்புரையைவிட நீளமானது. டீ ஆறியது, ஆறிய டீயும் பழகியது. அத்தனை வருஷம் முதுகுகளைப் பார்த்துப் பேசிய செண்பகவடிவு, மேடையில் நின்று நிமிர்ந்தால் அரங்கம் நிறைய முகங்களைப் பார்த்தார், அத்தனையும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் மாதம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கவனித்தார். தன் பெயர் வந்ததும் அந்த முகம் எழுந்து போய்விடும். அடுத்த பெயர், அடுத்த முகம். பெயர் பெயராக அரங்கம் காலியாகி, கடைசியில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க அவர் ஒருவர்தான் மிஞ்சுவார். அவரே பாடி அவரே முடித்துக்கொள்வார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியிருக்கும்போது, விடுதிக்கு அந்தப் பக்கம் பொன்விழா அரங்கம் கட்டி முடிந்தது. முழுக்க ஏசி. புது அரங்கத்தில் இந்தத் தொந்தரவு இல்லை என்று வெள்ளோட்டம் பார்த்த பொறியாளர்கள் சொன்னார்கள், நன்றியைப் பதிவுசெய்து ஒலிபரப்பினாலே போதுமாம், ஒலிபரப்பாவிட்டாலும் போகலாமாம். வெள்ளிவிழா அரங்கத்தில் கடைசி நிகழ்ச்சி, அந்த வருஷத்து முன்னாள் மாணவர் சங்கமம். அதோடு சேர்த்து, அந்த மாதத்தோடு ஓய்வு பெறும் டாக்டர் செண்பகவடிவுக்குப் பாராட்டு. அது முடிந்ததும் அரங்கத்தைப் பூட்டிச் சாவியைக் கட்டடப் பிரிவில் ஒப்படைத்துவிட வேண்டும். வந்த செய்தி மடலைச் செண்பகவடிவு மேடைப் படியில் உட்கார்ந்து படித்தார். வரவிருக்கும் நிகழ்வுகள் பகுதியில், சங்கமத்துக்குப் பிறகு வருகிற அத்தனையும் பொன்விழா அரங்கத்தில் இருந்தன. உள்ளே ஒரு ஆள் இருக்கிறாரே என்று யாரோ கேட்டதற்கு, அதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்துவிடலாம் என்று பதில் வந்ததாகக் கேள்வி.

ஏற்பாடு செய்யும் பொறுப்பு தமிழ்த்துறை பேச்சிராஜன் தலையில் விழுந்தது. எல்லா விழாவையும் தொகுத்து வழங்குகிறவர், நல்ல மனுஷன், நிறையப் பேசுகிறவர். ஒருநாள் தூக்குவாளியை அவரே வாங்கிக்கொண்டு வந்து, எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க யாருக்காவது, எப்பவாவது, ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

செண்பகவடிவு சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார். அந்தக் கேள்வி இத்தனை மாதமாக அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதுதான், அதற்குப் பதிலும் அவரிடம் இருந்தது, அதை வெளியே எடுத்தால் அசிங்கமாகிவிடும் என்று உள்ளேயே வைத்திருந்தார். செய்ததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் பூட்டப் போகிறார்களே.

"இங்க படிக்கிறப்ப விடுதியில என் ரூம்ல ஒருத்தி இருந்தா. ஜெபராணி. நாசரேத்துப் பக்கம். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் அவ அப்பா தவறிப்போயிட்டார்னு தந்தி வந்துச்சு. அழுதுக்கிட்டே பெட்டிய எடுத்துட்டுக் கெளம்பினா. நானும் கூடப் போனேன். அவ்வளவுதான்."

"உங்க பரீட்சை?"

"மறுவருஷம் எழுதினேன்."

பேச்சிராஜனின் கண்கள் விரிந்தன. முதல் மாணவியாகவே வந்திருப்பாரே, பதக்கம் போயிற்றே, யாரிடமும் சொல்லவில்லை, எத்தனை பெரிய விஷயம் என்று அவர் எழுந்து நின்றே பேச ஆரம்பித்துவிட்டார். "இது போதும் மேடம். இது தாராளமா போதும். அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

எங்கே இருக்கிறாள் என்று தெரியும். எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. பள்ளிக்கூட டீச்சராகி, கல்யாணம் முடித்து, வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்த ஜெபராணி, சில வருஷங்களுக்கு முன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். செண்பகவடிவு கூப்பிட்டால் எடுப்பாள், நல்லா இருக்கேன் என்பாள், வைத்துவிடுவாள். பேரன் பேத்தி வந்த பிறகு நம்மையெல்லாம் எங்கே நினைப்பு இருக்கும் என்று செண்பகவடிவு தேற்றிக்கொண்டு, கூப்பிடுவதை ஒரு வருஷத்துக்கு ஒருமுறையாக்கி, அப்புறம் அதையும் விட்டுவிட்டார். அவருக்கென்று இருந்தது அந்த ஒரு போன்தான். அது அடங்கிய பிறகு குவார்ட்டர்ஸ் வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

சங்கமம் அன்று அரங்கம் பொங்கி வழிந்தது. சாதனை மாணவர்களுக்குக் கேடயம், முன்னாள் மாணவர்களுக்குப் பொன்னாடை, பொன்விழா அரங்கத் திறப்புவிழாவுக்கு அழைப்பு என்று ஒவ்வொன்றாக முடிந்து, குத்துவிளக்குக்காகச் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மேடையேறியவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு, பேச்சிராஜன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தந்தியிலிருந்து தொடங்கினார். தாமிரபரணிக் கரையோரப் பேருந்தைச் சொன்னார், பறிபோன பதக்கத்தைச் சொன்னார், நட்பென்றால் இதுவல்லவா என்று நிறுத்தியபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இதோ, அந்தத் தோழி நம்மிடையே. நன்றி சொல்ல வருகிறார், திருமதி ஜெபராணி."

ஒல்லியாக, நரைத்த கொண்டையும் வெளிர்நீலச் சேலையுமாக ஒரு அம்மாள் ஏறி வந்தாள். மேடையில் உட்கார்ந்திருந்த செண்பகவடிவை ஒருமுறை பார்த்தாள், சிரிக்கவில்லை. லூர்து மைக்கை அவளுடைய உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

"நான் நன்றி சொல்ல மாட்டேன்" என்றாள்.

முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சொல்லச் சொல்லித்தான் கூப்பிட்டாவ. வரும்போது பஸ்லயும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வரல. எங்கப்பா செத்தன்னைக்கு இவ எங்கூட வந்தா. மூணாம் நாள் ஜெபம் முடியுற வரைக்கும் எங்க வீட்டுலயே கெடந்தா. எங்கம்மாவுக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்தா, எந் தம்பியக் குளிப்பாட்டிவிட்டா. அதுக்கு நான் மைக்கப் புடிச்சி நன்றி சொல்லணுமாம். அவ என்ன வேத்தாளா? ஒங்க கூடப்பொறந்தவளுக்கு நீங்க இப்படிச் சொல்லுவீயளா சார்?"

கடைசிக் கேள்வி துணைவேந்தருக்கு. அவர் நாற்காலியில் நெளிந்தார். "அதுக்கில்லம்மா. ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான். ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மேடம் வெளியே வந்துருவாங்க."

"அந்த ஃபார்மாலிட்டிதான் சார் எனக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு ஜெபராணி இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

செண்பகவடிவுக்கு முகமெல்லாம் எரிந்தது. பெயரைச் சொன்னது தன் தப்பு. செய்ததைச் சொல்லிக் கூலி கேட்ட மாதிரி ஆகிவிட்டது, அதையும் அத்தனை பேர் முன்னால் அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள், இனிக் கேட்க ஆள் கிடையாது. ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது, ஆத்திரத்தின் அடியில் வேறு ஏதோ ஒன்றும் கிடந்தது, அது என்ன என்று பார்க்க அவருக்கு அப்போது தைரியமில்லை. பேச்சிராஜன் சங்கடத்தோடு, வேறு வழியில்லாமல், வழக்கமான வரியைச் சொன்னார். அடுத்ததாக நன்றியுரை.

அவர் எழுந்தார். துணைவேந்தரில் தொடங்கினார். பெயர் பெயராகச் சொன்னார், முகம் முகமாக எழுந்து போனார்கள், போகும்போது சிலர் கையசைத்தார்கள், சிலர் அவர் கண்ணைப் பார்க்காமல் குனிந்து போனார்கள், சாதனை மாணவர்கள் கேடயங்களோடு போனார்கள், முன்னாள் மாணவர்கள் பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார்கள், புது அரங்கத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வெளியே யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பேச்சிராஜன், நான் வெளியே சாவியோடு நிற்கிறேன் மேடம், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். லூர்து கடைசியாகப் போனார், மைக்கை மட்டும் விட்டுவிட்டு, அதைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாற்காலிகளுக்கு நடுவே ஜெபராணி மட்டும் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி வடிவு" என்றாள், இருந்த இடத்திலிருந்தே. "இத்தன பேருக்குச் சொல்லுதியே, வாய் வலிக்காதா?"

வடிவு என்று கூப்பிட ஒருத்தி வந்துவிட்ட பிறகு, நாமும் அவளை அவர் இவர் என்று சொல்லிக்கொண்டிருப்பது அழகில்லை. வடிவு மைக் முன்னாலேயே நின்றாள். மேடையில் நின்று அவள் பேசியதெல்லாம் நன்றிதான்.

"ஏன் போன் பண்றத நிறுத்திட்ட?" என்று கேட்டாள். மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

"எஸ்தர் கல்யாணத்துக்கு வந்த. பந்தியில எனக்குப் பக்கத்துல இருந்து சாப்பிட்ட. போகும்போது மண்டப வாசல்ல எங் கையப் புடிச்சிக்கிட்டு, அழைத்தமைக்கு மிக்க நன்றின்ன. நெனவிருக்கா?"

வடிவுக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள், சந்தேகமே இல்லை.

"யாரோ ஆபீசர் வந்துட்டுப் போற மாதிரி. எங்கப்பா சவப்பெட்டியத் தொட்டு அழுதவ, எம் மவ கல்யாணத்துக்கு அழைத்தமைக்கு நன்றிங்கா. நான் அன்னைக்கு அந்த வாசல்லயே நின்னேன். நம்மள இவ எங்கயோ வெளிய கொண்டுபோயி வச்சிட்டான்னு மனசு விட்டுப்போச்சு."

"வாய் பழகிப்போச்சு ஜெபா."

"தெரியும். தெரிஞ்சும் எனக்கு ஆறல."

வெளியே பேச்சிராஜன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார், சாவிக்கொத்து கலகலத்தது. வடிவு மைக்கைப் பார்த்தாள். இன்னும் ஒரு பெயர் பாக்கி இருந்தது. பூட்டப் போகிற கட்டடத்துக்குள் தன்னோடு சேர்த்து அவளையும் வைத்துக்கொள்ள முடியாது, அவளுக்கு வீடு இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்திக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும்.

"நான் சொல்லலேன்னா நீ வெளிய போக முடியாது. கதவு விடாது. அழைப்பை ஏற்று வந்தமைக்குன்னு ஒரு வரி சொல்லிடுறேன். நீ போயிரு."

"சொல்லித்தான் பாரேன்" என்றாள் ஜெபராணி. குரலை உயர்த்தவில்லை. "இன்னொருக்கா அந்த வார்த்தைய எங்கிட்டச் சொன்னன்னா, போயிருதேன். ஆனா அதுக்குப் பொறவு நீ எந்தக் கதவுக்குள்ள கெடந்தாலும் தேடி வர மாட்டேன்."

சொன்னால் அவள் போய்விடுவாள், ஒரேயடியாக. சொல்லாவிட்டால் இரண்டு பேரும் உள்ளே. வடிவின் வாய்க்குள் 'திருமதி ஜெபராணி அவர்களுக்கு' என்பது தானாகவே வந்து, பழகிய தடத்தில், நுனிநாக்குவரை ஏறி நின்றது. அதை அவள் விழுங்கினாள். தண்ணீர் இல்லாமல் மாத்திரை விழுங்குகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் தெரிந்தே ஒரு பெயரை விட்டது இதுதான் முதல் தடவை. மைக்கை அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

"சரி. இப்ப என்ன செய்யிறது?"

"என்ன செய்ய. திருநெல்வேலி பஸ் வார நேரமாச்சு. வா." ஜெபராணி எழுந்து வந்து, பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, வடிவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "எத்தன நாளா இந்தச் சேலையவே கட்டுத? சாயம் போயிக் கெடக்கு. ஒடம்பு வேற எளச்சிப்போயிருக்கு. விடுதிச் சோத்த தின்னா இப்படித்தான், அன்னைக்கே அது வாயில வைக்க வெளங்காது." கதவு நெருங்க நெருங்க வடிவின் கால் தயங்கியது, அவள் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபராணி பேச்சை நிறுத்தவும் இல்லை, நடையை நிறுத்தவும் இல்லை, குழம்பில் அவர்கள் போட்ட வெண்டைக்காயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள்.

கால் சுட்டது. வடிவு கண்ணைத் திறந்தபோது வேப்பமரத்தைத் தாண்டி ரோட்டுக்குப் பாதித் தூரம் வந்திருந்தார்கள், அவள் செருப்பு மேடைக்குக் கீழே கிடந்தது, பேச்சிராஜன் போனைக் காதில் வைத்தபடியே பின்னால் ஓடி வந்தார்.

"மேடம், என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் வடிவு. அது உண்மை. அந்தக் கதவுக்கு வெளியாட்களோடுதான் பேச்சு, விருந்தாளிகளையும் அலுவலர்களையும்தான் அது நிறுத்தி வைத்து விசாரித்தது, ஒருவரை ஒருவர் ஏட்டி என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்களிடம் அதற்குக் கேட்க ஒன்றுமில்லை. பல்கலைக்கழகம் இதை ஆராயவில்லை. அடுத்த மாதச் செய்தி மடலில் பொன்விழா அரங்கத் திறப்புவிழாப் படங்கள் நிறைய வந்தன.

நிறுத்தத்தில் நிழல் கிடையாது. வடிவு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள், ஜெபராணி முந்தானையை எடுத்து இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள், பிடித்தபடியே, தம்பிக்குச் சர்க்கரை வந்திருப்பதையும், எஸ்தரின் இரண்டாவது பையன் சரியாகச் சாப்பிடாததையும் சொல்லி முடித்தாள். பஸ் வந்தது.

"வாரேன்" என்றாள் ஜெபராணி. "ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் வருவேன். வீட்டத் தூத்து வையி, ஒரு வருசக் குப்ப கெடக்கும். கருவாடு கொண்டாரேன்."

வடிவின் வாய் திறந்தது. வந்தமைக்கு என்ற சொல் அதில் தயாராக இருந்தது, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஜெபராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கண்டக்டர் விசில் ஊதினார்.

"ஏறுட்டி" என்றாள் வடிவு. "பஸ்ஸு போயிரும்."

ஜெபராணி ஏறிக்கொண்டாள், கையசைக்கவில்லை, ஜன்னலோரம் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. ரோட்டில் வேறு யாரும் இல்லை. வடிவு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கால் சுடச் சுட, வீட்டைப் பெருக்குவதற்காக குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தாள்.